பெயரைப் பார்க்காத பணம்

2023 செப்டம்பர் இரண்டாவது வாரம். தமிழ்நாட்டில் ஏராளமான பெண்களின் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் வரவு. ஆயிரம் ரூபாய் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஒற்றை ரூபாய்! 'இதென்ன கேலியா?' என்று சிலர் சிரித்தார்கள். 'யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள்' என்று சிலர் பயந்தே போனார்கள்.

இரண்டும் இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட இருந்தது. 1 கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அவ்வளவு பேரின் கணக்கு எண்களும் படிவங்களிலிருந்து கணினியில் ஏற்றப்பட்டவை. எங்காவது ஓர் இலக்கம் மாறியிருந்தால் ஆயிரம் ரூபாய் வேறு வீட்டுக்குப் போய்விடும். அதனால் கதவு சரியானதுதானா என்று தட்டிப் பார்க்க முதலில் ஒரு ரூபாயை அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்தால், கணக்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பல கோடி ரூபாயைப் பட்டுவாடா செய்கிற அரசே ஒரு ரூபாயை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மீதியை அனுப்புகிறது. நாமோ வீட்டு அட்வான்ஸ் ஐம்பதாயிரத்தையும், பிள்ளையின் காலேஜ் ஃபீஸையும் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு எண்ணை நம்பி ஒரே தட்டில் அனுப்பிவிடுகிறோம்.

வங்கி பார்ப்பது எண்ணை மட்டுமே

செக் எழுதிய காலத்தில் பெயருக்குத்தான் மதிப்பு. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் கவுன்டரில் இருப்பவர் செக்கைத் திருப்பித் தந்துவிடுவார். அந்தப் பழக்கத்திலேயே, ஆன்லைனில் பணம் அனுப்பும்போதும் பெயரை எழுதிவிட்டால் வங்கி சரிபார்த்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள்.

அப்படி நடப்பதில்லை. 2010 அக்டோபர் 14 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டுமே வைத்து வரவு வைக்கலாம். பெயரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சரியான எண்ணைத் தருவது அனுப்புகிறவரின் பொறுப்பு. இதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி படிவத்திலும் திரையிலும் போட வேண்டும் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். நெஃப்ட் படிவத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை யார் படிக்கிறார்கள்?

காரணம் புரியாததல்ல. கோடிக்கணக்கான பரிமாற்றங்களை நிமிடங்களில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பாதிப் பணம் திரும்பிவிடும். ஆனால், அதன் விளைவு சாதாரண மனிதரின் தலையில் விழுகிறது. நீங்கள் எழுதிய எண்ணில் கணக்கே இல்லையென்றால் பணம் தானாகத் திரும்பிவிடும், பயமில்லை. அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால்? நீங்கள் பெயர்க் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் அவருக்குத்தான்.

ஏழுமலையும் லட்சுமியும்

விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டத்தில் உள்ள அனந்தபுரம் பேரூராட்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். நெல், மணிலா, கொஞ்சம் உளுந்து. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகும் மூட்டைக்கும், அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் மூட்டைக்கும் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பிரதமரின் கிசான் திட்டப் பணம், நூறு நாள் வேலைச் சம்பளம், மகளிர் உரிமைத் தொகை, தாத்தாவின் முதியோர் உதவித் தொகை, சென்னையில் வேலை பார்க்கும் மகன் அனுப்புவது என்று ஒரே வீட்டுக்குள் ஐந்தாறு வழிகளில் பணம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்திலும் ஒரு பெயர்.

சிக்கல் அந்தப் பெயரில்தான். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பான் அட்டையில் அந்த ஓர் எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து நிற்கும். லட்சுமிக்குக் கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் அப்பாவின் இனிஷியல். ரேஷன் கார்டில் கணவரின் இனிஷியல். ஏழுமலையின் 'ழ' ஒரு ஆவணத்தில் ஆங்கில 'இஜட்' எழுத்தோடும், இன்னொன்றில் 'எல்' எழுத்தோடும் இருக்கும். மனிதர் ஒருவர்தான். கணினிக்கு அவர் இரண்டு பேர்.

பணம் அனுப்பும்போது வங்கி பெயரைப் பார்ப்பதில்லை. ஆனால், பணத்தைத் தருகிற நிறுவனங்கள் இப்போது பார்க்கத் தொடங்கிவிட்டன. தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்-ஸில் பணம் எடுப்பதற்கும் வங்கிக் கணக்கை மாற்றுவதற்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கி 2023 அக்டோபரில் பி.எஃப்.ஆர்.டி.ஏ உத்தரவிட்டது. ஒரு சிறு தொகையைக் கணக்குக்கு அனுப்புவார்கள். பணம் போய்ச் சேர்ந்ததும், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம் வங்கியிலிருந்து திரும்பி வரும். அந்தப் பெயரும் ஓய்வூதியக் கணக்கில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பணம் நகராது. இந்தச் சோதனைக்கு 'பென்னி டிராப்' என்று பெயர். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களும் இதைப் பயன்படுத்துகின்றன.

பி.எஃப் பணத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒரு காலத்தில் செக் தாளையோ, கையொப்பமிட்ட பாஸ்புக் பக்கத்தையோ படமெடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. படம் மங்கல் என்று எத்தனையோ விண்ணப்பங்கள் திரும்பின. 2025 ஏப்ரலில் அந்த நிபந்தனையை இ.பி.எஃப்.ஓ நீக்கியது. பி.எஃப் எண்ணோடு கணக்கை இணைக்கும்போதே பெயர் சரிபார்க்கப்பட்டுவிடுவதால் செக் தாளின் படம் தேவையில்லை என்பதே காரணம். அதாவது தாளுக்கு இருந்த வேலை இப்போது பெயருக்கு வந்துவிட்டது. பெயர் சரியாக இருந்தால் வேலை சுலபம். தவறாக இருந்தால், முன்பு கவுன்டரில் கெஞ்சி முடித்த காரியம்கூட இப்போது முடியாது.

எந்தக் கணக்குக்குப் போகும்?

அரசுப் பணத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கு 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பட்டுவாடா கட்டாயம் ஆனது. இந்த முறையில் கணக்கு எண்ணே தேவையில்லை. ஆதார் எண்ணோடு எந்த வங்கி கடைசியாக இணைக்கப்பட்டதோ, அந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போய்விடும்.

லட்சுமிக்கு மூன்று கணக்குகள் இருக்கலாம். ஒன்று கிராம வங்கியில் தொடங்கியது. பாஸ்புக்கில் இன்னும் 'பல்லவன் கிராம வங்கி' என்றே இருக்கும். 2019 ஏப்ரல் 1 முதல் அது தமிழ்நாடு கிராம வங்கி. இரண்டாவது, நகைக் கடனுக்காகத் திறந்தது. மூன்றாவது, தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கித் தொடங்கியது. மூன்றாவதைத் தொடங்கியபோது ஆதார் இணைப்பு அதற்கு மாறியிருந்தால், பழைய பாஸ்புக்கை எத்தனை முறை பதிவு செய்தாலும் சம்பளம் அதில் தெரியாது. 'பணமே வரல' என்று அலைபவர்களில் சிலருக்குப் பணம் வேறெங்கும் போயிருக்காது. அவர்களின் இன்னொரு கணக்கிலேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை 'மை ஆதார்' இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இ-சேவை மையத்திலும் பார்த்துச் சொல்வார்கள். மாற்ற வேண்டுமானால், எந்தக் கணக்கில் பணம் வர வேண்டுமோ அந்த வங்கிக் கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெயர் பொருந்தினால் போதுமா?

போதாது என்பதற்கு விழுப்புரம் மாவட்டமே சாட்சி. பிரதமரின் கிசான் திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக 2,000 வீதம் வரும். 2020-ல் கொரோனா ஊரடங்கு நேரத்தில், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உட்பட 13 மாவட்டங்களில் விவசாயியே அல்லாதவர்கள் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது வெளியே வந்தது. விவசாயிகள் தாங்களே ஆன்லைனில் பதிவு செய்யலாம் என்று தரப்பட்ட வசதியும், வேளாண்மைத் துறை அலுவலர்களின் லாகின் பாஸ்வேர்டும் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. 5 லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்கள். சுமார் 110 கோடி ரூபாய். அப்போது வேளாண்மைத் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி 2020 செப்டம்பரில் இந்த விவரங்களை வெளியிட்டார். சி.பி.சி.ஐ.டி போலீஸ் விசாரித்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், புரோக்கர்கள் கைதானார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பணம் போன கணக்குகளில் பெரும்பாலானவை போலி அல்ல. உண்மையான மனிதர்களின் உண்மையான கணக்குகள். ஒரு ரூபாய் அனுப்பியிருந்தால் அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும், பெயரும் பொருந்தியிருக்கும். 'இந்தக் கணக்கு யாருடையது?' என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. 'இவருக்கு இந்தப் பணம் சேர வேண்டுமா?' என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

'கொரோனா நிதி வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்க அக்கா' என்ற பேச்சை நம்பிக் கொடுத்தவர்கள் பலர். பிறகு வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. பணம் திரும்ப எடுக்கப்பட்டது. புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்த ஏழைகள், முழுத் தொகையையும் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய நிலை வந்தது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

நெதர்லாந்தில் 2017-லேயே, பணம் அனுப்பும் முன் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று சொல்லும் வசதி வந்துவிட்டது. பிரிட்டனின் பெரிய வங்கிகள் 2020-ல் கொண்டுவந்தன. யூரோ பயன்படுத்தும் நாடுகளின் வங்கிகளுக்கு 2025 அக்டோபர் 9 முதல் இது சட்டப்படி கட்டாயம்.

இந்தியாவில் யு.பி.ஐ, ஐ.எம்.பி.எஸ் ஆகியவற்றில் பெயர் பார்க்கும் வசதி முன்பே உண்டு. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ் இரண்டிலும் இருக்கவில்லை. பெரிய தொகைகள் போவது பெரும்பாலும் அவற்றில்தான்! 2024 டிசம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி இதற்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் இந்த வசதியைத் தர வேண்டும். கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி எண்ணையும் கொடுத்தால், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று திரையில் தெரியும். கட்டணம் கிடையாது. மொபைல் ஆப் இல்லாதவர்கள் வங்கிக் கிளைக்கு நேரில் போய்ப் பணம் அனுப்பும்போதும் இது உண்டு. அனந்தபுரத்துப் பெரியவர் ஒருவர் கவுன்டரில் நின்று, 'அனுப்புறதுக்கு முன்னாடி பேரு பாத்துச் சொல்லுங்க தம்பி' என்று கேட்பது சலுகை கேட்பதல்ல. அவருக்குத் தரப்பட்ட வசதியைக் கேட்பது.

யு.பி.ஐ-யிலும் ஒரு திருத்தம். உங்கள் போனில் நீங்கள் பதிந்துவைத்த பெயரையோ, கியூ.ஆர் அட்டையில் உள்ள பெயரையோ காட்டாமல், வங்கியில் உள்ள பெயரையே ஆப்கள் காட்ட வேண்டும் என்று என்.பி.சி.ஐ சொன்னது. 2025 ஜூன் 30 அதற்குக் கெடு. போனில் 'மளிகைக் கடை அண்ணாச்சி' என்று பதிந்திருந்தாலும், பின் நம்பரைப் போடும் முன் வங்கிப் பெயர் வரும். ஒரு நொடி நின்று அதைப் படிக்க வேண்டியது மட்டும் நம் வேலை.

வீட்டில் செய்ய வேண்டியவை

* கணக்கு எண்ணை வாயால் சொல்லாதீர்கள். கையால் எழுதியும் கொடுக்காதீர்கள். பாஸ்புக் முதல் பக்கத்தின் ஜெராக்ஸைக் கொடுங்கள். நெல் போடும் இடத்தில் அவசரமாக எழுதிய 1, 7 போலத் தெரிந்தால் போதும். ஒரு போகத்து உழைப்பு தடம் மாறிவிடும்.

* ஐ.எஃப்.எஸ்.சி-யில் 11 இடங்கள். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில 'ஓ' அல்ல. கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். சிண்டிகேட் போல வேறு வங்கியோடு இணைந்துவிட்ட வங்கிகளின் பழைய எண்கள் இப்போது செல்லாது. பழைய பாஸ்புக் வைத்திருப்பவர்கள் புதியது வாங்கிக்கொள்ள வேண்டும்.

* புதிய கணக்குக்குப் பெரிய தொகை அனுப்பும் முன், பெயரைப் பாருங்கள். பிறகு ஒரு ரூபாய் அனுப்புங்கள். 'வந்துச்சா?' என்று உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். கணக்கு எண் வந்த அதே வாட்ஸ்அப்பில் கேட்டால், மோசடிக்காரரே 'வந்தது' என்று பதில் போடுவார்.

* திரையில் வரும் பெயர் நீங்கள் எதிர்பார்த்த பெயராக இல்லையென்றால் நிறுத்துங்கள். 'அது என் மச்சான் கணக்கு, பரவால்ல அனுப்புங்க' என்று சொல்கிற வியாபாரியிடம் அவசரப்படாதீர்கள். பிறகு தகராறு வந்தால், அவர் பணம் வாங்கவில்லை என்று சொல்ல முடியும்.

* ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் அருகருகே வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், ஆதாரில் உள்ளபடி வங்கியில் மாற்றிக்கொள்வது பெரும்பாலும் எளிது. கூட்டுக் கணக்கு என்றால் சோதனையில் பெரும்பாலும் முதல் பெயரே தெரியும். மனைவிக்கு வர வேண்டிய பணத்துக்கு, அவர் பெயரில் தனிக் கணக்கு இருப்பது நல்லது.

தவறிப் போய்விட்டால்?

உடனே உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். பணம் போன வங்கியை அவர்கள் தொடர்புகொள்வார்கள். ஆனால், பணம் பெற்றவர் சம்மதிக்காமல் அவர் கணக்கிலிருந்து வங்கி தானாக எடுத்துத் தர முடியாது. அவர் மறுத்தால் போலீஸ், கோர்ட் என்றுதான் போக வேண்டும். தவறி வந்த பணம் என்று தெரிந்தும் அதைச் செலவழிப்பது குற்றம் என்பதால், புகார் வந்ததும் திருப்பித் தருபவர்களும் உண்டு. உங்கள் புகாருக்கு வங்கி 30 நாட்களில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448. மோசடி என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்க அதுதான் வழி.

இந்தச் சோதனையின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். 'உங்கள் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பியிருக்கிறோம், ஓ.டி.பி சொல்லுங்கள்' என்று போன் வரும். உங்கள் கணக்குக்குப் பணம் வர ஓ.டி.பி-யும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. இரண்டும் கேட்கப்படுவது பணம் வெளியே போகும்போதுதான். உண்மையான சோதனையில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை.

கடைசியாக, காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு. 'உன் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாசம் ஒரு தொகை தர்றேன்' என்று நண்பன் மூலமாக ஒரு பேச்சு வரும். எங்கோ ஏமாற்றப்பட்டவரின் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வரும்போது திரையில் இருக்கும் பெயர் உங்கள் பிள்ளையின் பெயர். 2020-ல் விழுப்புரம் மாவட்டத்தில் பாஸ்புக்கைக் கொடுத்தவர்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ எத்தனை கணக்குகள், எதில் ஆதார் இணைந்திருக்கிறது, எதில் என்ன பெயர் இருக்கிறது? இந்த வாரம் போன் பேசும்போது பாஸ்புக்கைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. முதியோர் உதவித் தொகை நின்றுபோன பிறகு தாலுகா ஆபீஸுக்கும் வங்கிக்கும் அவர்கள் நடக்க வேண்டிய நடை மிச்சமாகும்.